மாலை போட்டு அனுப்பினால் போதாது

(குருவிட்ட பகுதித் தோட்டமொன்றில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



விடியற்காலையிலிருந்து மழை. குருவிட்டயில் மழை பெய்வது ஒரு புதினமில்லை. ஆனாலும் கொழுந்து நிறுத்து, வீட்டில் அடுப்பு வேலையையும் முடித்து, நனைந்த சாக்கோடு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறீங்க. அதற்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறோம்.

வழமையாக நாங்கள் இந்த மண்டபத்தில் பேசுவது டெங்கு, சுத்தமான தண்ணீர், கர்ப்பிணித் தாய்மார் சாப்பாடு, சாராயம் போன்ற விஷயங்களைத்தான். இன்றைக்கு வேறொன்று பேசுகிறோம். உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து எப்படி அனுப்பி வைப்பது என்பதுதான் விஷயம். இதைச் சொல்ல எங்களுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் படித்தது சாதாரண தரம் வரைதான். பல்கலைக்கழக வாசலை மாணவனாக மிதித்தவர்கள் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு முறை பெரிய பிழை விட்டிருக்கிறோம். அந்தப் பிழையிலிருந்துதான் இன்றைக்குப் பேச வேண்டியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பொறுப்பில் இருந்த ஒரு டிவிஷனில் ஒரு பெண் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். அந்த லயத்திலிருந்து முதன்முதலாகப் போகும் பிள்ளை. எங்களுக்கெல்லாம் கால் தரையில் படவில்லை. கோயிலில் பூசை வைத்தோம். தப்பு அடித்து ஊர்வலமாகக் கூட்டி வந்தோம். ரோஜா மாலை, பொன்னாடை, போட்டோ, எல்லாம் நடந்தது. ஒரு பெரிய சூட்கேஸும் வாங்கிக் கொடுத்தோம். மைக்கைப் பிடித்து, "மகளே, இந்தத் தோட்டத்து மானம் உன் கையில இருக்கு" என்று பேசியதும் நாங்கள்தான். எல்லாரும் கை தட்டினார்கள்.

மூன்று வாரம் போனது. ஒரு நாள் பின்னேர பஸ்ஸில் அந்தப் பிள்ளை அதே சூட்கேஸோடு வந்து இறங்கினாள். லீவு என்று சொன்னாள். ஒரு வாரமாகியும் திரும்பிப் போகவில்லை. அம்மாதான் மெல்ல மெல்லக் கேட்டு உண்மையை எடுத்தார். கொண்டுபோன காசு முதல் பத்து நாளிலேயே முடிந்துவிட்டது. மகாபொல வரும் என்று நம்பிப் போன பிள்ளைக்கு, அது உடனே வராது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. காலைச் சாப்பாட்டை விட்டாள். பிறகு இரவுச் சாப்பாட்டையும் விட்டாள். விரிவுரை இங்கிலீஸில் நடந்தது, பாதி விளங்கவில்லை. அறையில் இருந்த பிள்ளைகள் "அப்பா என்ன வேலை?" என்று கேட்டபோது வாய் வரவில்லை. வீட்டுக்குப் போன் எடுத்துச் சொல்லவும் முடியவில்லை. ஏன்? தோட்டத்து மானம் கையில் இருக்கிறதே!

அந்த அம்மா எங்களிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, மாலையெல்லாம் போட்டு பஸ்ல ஏத்தி விட்டீங்க. பஸ்ஸ விட்டு எறங்கினா என்னா செய்யணும்னு புள்ளைக்கு யாராவது சொன்னோமா?"

பதில் சொல்ல எங்களிடம் வார்த்தை இருக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தப் பேச்சு.

பயம் எங்கிருந்து வந்தது?

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேணும். பிள்ளையைத் தூர இடத்துக்குப் படிக்க அனுப்பும் பழக்கம் நமக்குப் புதிது. இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1942இல். இலவசக் கல்வி வந்தது 1945இல். ஆனால் அந்த இலவசக் கல்வி தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு வரவில்லை. 1948இல் பிரஜாவுரிமையும் போனது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே 1970களில், தோட்டங்கள் தேசியமயமான பிறகுதான். மற்றவர்களுக்கு மூன்று தலைமுறை அனுபவம் என்றால் நமக்கு ஒரு தலைமுறை அனுபவம். பக்கத்து வீட்டு அண்ணனிடமோ மாமாவிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ள, போய் வந்தவர்கள் லயத்தில் இருப்பதில்லை.

பாட்டிமாருக்கு இன்னொரு பயமும் உண்டு. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் இந்த இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்கள் பட்ட அடியைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். "வயசுப் புள்ளைய கண் காணாத ஊருக்கு அனுப்பாதே" என்று ஒரு பாட்டி சொன்னால் அதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை போகும் இடம், தங்கும் விடுதி, பேச வேண்டிய நம்பர் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லுங்க. பயம் தெளிந்தால் ஆசீர்வாதம் தானாக வரும்.

நமக்குச் சாதகமாகவும் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டப் பங்கு என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். கல்வி வசதி குறைந்தவை என்று குறிக்கப்பட்டு விசேட ஒதுக்கீடு பெறும் 16 மாவட்டங்களில் இரத்தினபுரியும் ஒன்று. கேகாலை அந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளை எந்த மாவட்டத்துக்குக் கணக்கு என்பது உயர்தரத்துக்கு முந்திய வருடங்களில் எந்தப் பாடசாலையில் படித்தது என்பதைப் பொறுத்தது. வேறு மாவட்டத்துக்குப் படிக்க அனுப்பியவர்கள் மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள்.

கடதாசி வேலை

பெறுபேறு வந்து, விண்ணப்பம் போட்டு, வெட்டுப்புள்ளி வந்து, உள்ளே போகும் வரைக்கும் ஒரு வருடம், சில வேளை அதற்கும் மேலே ஆகிறது. இந்த இடைவெளியில்தான் பல பிள்ளைகள் கைநழுவிப் போகிறார்கள். கொழும்பில் கடை வேலைக்குப் போகிறார்கள். கையில் காசு புழங்கியதும் படிப்பு ஆசை குறைகிறது. வேலைக்குப் போவது தப்பில்லை. ஆனால் கடிதம் வந்தால் திரும்பி வருவேன் என்ற பேச்சோடு போக வேணும்.

கடிதம் என்றதும் நம் தோட்டங்களின் பழைய நோய் ஞாபகம் வருகிறது. லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் இல்லை. தபால் தோட்டத்து ஒபீசுக்கு வந்து, அங்கிருந்து ஆள் மாறி ஆள் மாறி வர வேண்டியிருக்கிறது. பதிவு செய்யக் கொடுத்த திகதி தப்பினால் இடம் போய்விடும். ஆகவே பெறுபேறு வந்த நாளிலிருந்து ஒபீசில் தபால் பார்ப்பவரிடம் சொல்லி வையுங்க.

இப்போது விண்ணப்பம் கணினியில்தான். நம் பிள்ளைகள் குருவிட்ட டவுனில் ஏதாவது கொமியூனிகேஷனுக்குப் போய், அந்தக் கடைக்காரத் தம்பியின் மின்னஞ்சலையும் போன் நம்பரையும் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். பிறகு அறிவித்தல் யாருக்குப் போகும்? பிள்ளைக்கென்று சொந்த மின்னஞ்சல், மாற்றாத போன் நம்பர் இரண்டும் இருக்க வேணும். இரகசியச் சொல்லை ஒரு கொப்பியில் எழுதி, அம்மாவின் நகைப் பெட்டியில் வையுங்க.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருக்கும், அதில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி. பாடசாலையில் வேறு மாதிரி. அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. தாத்தா பெயர் சில வேளை அப்பா பெயராக மாறியிருக்கும். இதைத் திருத்த பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேணும். மாதக் கணக்கில் இழுபடக்கூடிய வேலை. ஆகவே பிள்ளை பதினொராம் வகுப்பில் இருக்கும்போதே எல்லாக் கடதாசிகளையும் ஒரே பாயில் விரித்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்க. எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டால் எங்களிடம் கொண்டு வாங்க. அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

காசு

மகாபொல புலமைப்பரிசிலும், அது கிடைக்காதவர்களில் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு பர்சரி என்ற உதவிப் பணமும் உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக்கினார்கள். தொகை காலத்துக்குக் காலம் மாறும், அந்தந்த வருடம் விசாரித்துக்கொள்ள வேணும். ஆனால் ஒன்று மாறுவதில்லை. முதல் தவணை கைக்கு வர சில மாதங்கள் ஆகலாம். ஆகவே குறைந்தது முதல் மூன்று மாதச் செலவுக்காவது காசு கையில் இல்லாமல் பிள்ளையை பஸ்ஸில் ஏற்றக் கூடாது.

தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் ஊடாக வழங்கப்படும் கல்வி நிதியப் புலமைப்பரிசிலும் இருக்கிறது. பத்திரிகையில் அறிவித்தல் வரும்போது நாங்கள் பெரட்டுக் களத்தில் ஒட்டி வைப்போம். பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொல்லுங்க.

மீதியைச் சேர்ப்பது எப்படி? பெறுபேறு வந்த மாதமே அம்மா ஒரு சீட்டில் சேரட்டும். தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வசதி இருந்தால் அதைக் கேளுங்க. வாசலுக்கு வந்து கிழமைக் கடன் கொடுப்பவர்களிடம் மட்டும் போகாதீங்க. பிள்ளை பட்டம் வாங்கும் முன்னே அந்தக் கடன் வீட்டைத் தின்றுவிடும். காதுத் தோட்டை அடகு வைத்தீங்கன்னா அதைப் பிள்ளையிடம் சொல்லிக் காட்டாதீங்க. சாப்பிடும் ஒவ்வொரு கவளத்திலும் அந்தத் தோடு ஞாபகம் வரும். அந்தப் பெண் பிள்ளை பட்டினி கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து, அட்டையைப் போட்டுக் காசு எடுக்க நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே இரண்டு தரம் பழக்கி விடுங்க. ஒரு சின்னக் கொப்பியில் வரவு செலவு எழுதப் பழக்குங்க. கொழுந்து எத்தனை கிலோ, எத்தனை பேர் விழுந்தது என்று சம்பளச் சீட்டைப் பார்த்துக் கணக்குப்பிள்ளையிடம் சண்டை பிடிக்கிற அம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தெரியாதா என்ன?

கையும் வாயும்

படிக்கிற பிள்ளை என்று சொல்லி ஒரு தேத்தண்ணி கூட ஊற்ற விடாமல் வளர்க்கிறோம். முக்கியமாக ஆம்பிளைப் பிள்ளைகளை. அம்மா மலையிலிருந்து நனைந்து வந்து மகனின் உடுப்பைத் துவைக்கிறார். அந்த மகன் விடுதிக்குப் போய் என்ன செய்வான்? போவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே தன் துணியைத் துவைக்கட்டும். சோறு, பருப்பு, சம்பல் மூன்றும் செய்யப் பழகட்டும். காய்ச்சல் வந்தால் எந்த மருந்து, எத்தனை நேரத்துக்கு ஒன்று என்று தெரிந்திருக்கட்டும். இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் தனியாகப் போய் வரிசையில் நின்று காரியம் முடித்து வரட்டும். ஒபீசில் பயப்படாமல் பேசிப் பழகிய பிள்ளை பல்கலைக்கழகத்திலும் வாய் திறக்கும்.

கொண்டுபோகும் சாமான் பட்டியல் பெரிதாக வேண்டாம். பாய்க்கு விரிக்க இரண்டு துணி, தலையணை, வாளி, பூட்டும் சாவியும், குடை, சுடுதண்ணிப் பிளாஸ்க், இடித்த சம்பல் ஒரு போத்தல். சான்றிதழ்களின் பிரதி இரண்டு கட்டு. மிச்சத்தை அங்கே போய்ப் பார்த்து வாங்கலாம்.

பாஷை விஷயம். பல துறைகளில் விரிவுரை இங்கிலீஸில்தான் நடக்கிறது. காத்திருக்கும் ஒரு வருடத்தில் தினமும் ஒரு மணித்தியாலம் இங்கிலீஸ் வாசித்தாலே பெரிய உதவி. சிங்களத்தைப் பொறுத்தவரை நம் சப்ரகமுவப் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. கடையிலும் பஸ்ஸிலும் பேசிப் பழகிய சிங்களம் பேராதனையிலும் பெலிஹுல்ஓயாவிலும் கை கொடுக்கும். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புப் பக்கம் வந்தாறுமூலைக்கோ போகும் பிள்ளைகளுக்கு வேறு அனுபவம் கிடைக்கும். நம் பேச்சைக் கேட்டு ஒரு சிலர் சிரிக்கலாம். சிரித்தால் சிரிக்கட்டும். அவர்கள் பேச்சும் நமக்குப் புதிதுதானே. ஒரு மாதத்தில் இரு பக்கமும் பழகிவிடும்.

"அப்பா என்ன வேலை?" என்ற கேள்விக்குப் பதிலை வீட்டிலேயே பழக்கி அனுப்புங்க. "அம்மா கொழுந்தெடுக்கிறாங்க, அப்பா ரப்பர் பால் வெட்டுறாங்க, நாங்க குருவிட்ட" என்று தலை நிமிர்ந்து சொல்லட்டும். மறைக்கத் தொடங்கினால் ஒரு பொய்க்கு ஒன்பது பொய் வேணும். ஆனால் இதற்கு முதல் வேலை நம்முடையது. "எங்கள மாதிரி கொழுந்துக் கூடை தூக்கிச் சீரழியாதே" என்று தினமும் சொல்லி வளர்த்தால், பிள்ளைக்கு அந்தக் கூடை வெட்கமாகத்தானே தெரியும்?

பகிடிவதை

இதைப் பேசாமல் விட முடியாது. 1997இல் பேராதனையில் ஒரு தமிழ் மாணவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த வருடமே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்தால் இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லையோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து வருடம் வரை. சட்டம் இருந்தும் பகிடிவதை முற்றாக ஒழியவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

பிள்ளையிடம் மூன்று விஷயம் சொல்லி அனுப்புங்க. பெயர் ஊர் கேட்டால் மரியாதையாகச் சொல். உடம்பைத் தொட்டால், உடுப்பில் கை வைத்தால், உன்னைக் கேவலப்படுத்தினால் அது விளையாட்டில்லை, குற்றம். உடனே விடுதி வார்டனிடமும் மாணவர் ஆலோசகரிடமும் போ, எங்களுக்கும் போன் எடு. மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் நேரடியாக முறையிடலாம். இதற்கு மேலே நாலாவதாக ஒன்றும் உண்டு. அடுத்த வருடம் நீ சிரேஷ்ட மாணவனானதும், நீ பட்டதை இன்னொரு பிள்ளைக்குச் செய்யாதே.

நாமும் தயாராக வேணும்

பிள்ளை போன பிறகு வீட்டில் ஒரு கோப்பை குறையும். அந்த வெறுமை அம்மாவுக்குத்தான் அதிகம். அழுகை வந்தால் அழுங்க, தப்பில்லை. ஆனால் போனில் தினமும் அழுதால் பிள்ளை புத்தகத்தைத் திறக்காது. கிழமைக்கு ஒரு நாள், ஒரு நேரம் என்று பேசி வையுங்க. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டால் "ம்" என்று பதில் வரும். "இன்னைக்கு என்னா சாப்பிட்டே? கையில எவ்வளவு காசு இருக்கு?" என்று கேட்டால் உண்மை வரும்.

வீட்டில் வருத்தம், துக்கம் ஏதாவது நடந்தால் மறைக்காதீங்க. பரீட்சை என்று சொல்லி மறைத்து, பிறகு மற்றவர் வாயால் கேள்விப்பட்டால் அந்தப் பிள்ளை அதன் பிறகு வீட்டுப் பேச்சை நம்பாது. பெண் பிள்ளைக்கு மூன்றாம் மாதமே கல்யாணப் பேச்சு எடுப்பதையும் உறவுக்காரர்கள் நிறுத்திக்கொள்ள வேணும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "தோட்டத்து மானம் உன் கையில" என்று யாரும் சொல்லாதீங்க. நாங்கள் சொன்ன பாவம் போதும். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லுங்க: "கஷ்டம்னா வாயைத் தொறந்து சொல்லு. திரும்பி வந்தாலும் இது உன் வீடுதான்." திரும்பி வரலாம் என்று தெரிந்த பிள்ளைதான் தைரியமாகத் தங்கும்.

பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். உங்களுக்கும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரிகள் என்று வழிகள் உண்டு. அதைப் பற்றித் தனியாக ஒரு கூட்டம் வைப்போம். ஆனால் இங்கே சொன்ன துணி துவைப்பதும் காசுக் கணக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அந்தப் பெண் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்பீங்க. வந்து எட்டாம் நாள், அவளுடைய அம்மா இரண்டு நாள் பேரை விட்டுவிட்டு மகளோடு பஸ் ஏறினார். பெல்மதுளைக்கு அப்பால் போயிராத அம்மா அவர். விடுதி அறையைப் பார்த்தார். வார்டன் அம்மாவிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பேசினார். அறையிலிருந்த பிள்ளைகளுக்குக் கொண்டுபோன ரொட்டியையும் சம்பலையும் பிய்த்துக் கொடுத்தார். "நான் கொழுந்து எடுக்கிறவ" என்று மகளுக்கு முன்னாலேயே சொன்னார். அவ்வளவுதான். மகள் தங்கிவிட்டாள். ஒரு வருடம் பிந்தித்தான் பட்டம் வாங்கினாள். இன்றைக்கு ஆசிரியையாக இருக்கிறாள். அந்த விழாவில் நாங்கள் போட்ட மாலையால் ஒன்றும் நடக்கவில்லை. அம்மா விட்ட இரண்டு பேரால்தான் நடந்தது.

ஆகவே இந்த வருடம் போகிற பிள்ளைகளுக்கு மாலை, பொன்னாடை, மைக் செட் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அதற்கு ஒவ்வொரு வீடும் கொடுக்கிற காசை அந்தப் பிள்ளையின் வங்கிப் புத்தகத்தில் போடுவோம். தாயோ தகப்பனோ ஒருவர் கூடப் போய் விடுதியைப் பார்த்துவிட்டு வரட்டும். அந்த இரண்டு நாள் லீவுக்கு துரையிடம் நாங்கள் பேசுகிறோம். கடதாசி பார்க்க வேண்டியவர்கள் வருகிற சனிக்கிழமை கொழுந்து நிறுத்த பிறகு பிள்ளைக் காம்பராவுக்கு வாங்க. பிறப்புச் சான்றிதழை பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டு வாங்க, மழை இன்னும் விடவில்லை.